டிக்கிக்கு நானே செய்த சப்வூஃபர் பெட்டி: எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே "பூம்"

#1 டிக்கிவாசி
சனி, இரவு 10:42

வணக்கம். ரெண்டு வருஷமா இங்கே படிச்சிட்டு மட்டும் போற ஆள். முதல் தடவையா வாயைத் திறக்கிறேன், அதுவும் புலம்புறதுக்கு.

வண்டி ஹேட்ச்பேக். 12 இஞ்ச் சப் (அடிச்சுருதி மட்டும் பாடுற சப்வூஃபர்), டூயல் வாய்ஸ் காயில் (உள்ளே ரெண்டு கம்பிச்சுருள்), ஒவ்வொரு காயிலும் 4 ஓம், 400 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்குற சக்தி). ஆம்ப் மோனோ, கிளாஸ் டி, 2 ஓமில் 500 வாட். சப்போட வந்த தாள்ல "மூடிய பெட்டி, 41 லிட்டர்"னு போட்டிருந்தது. ரெடிமேட் பெட்டி எதுவும் என் டிக்கிக்குள்ள சரியா உட்காரலை. சரி, நாமே செஞ்சிடுவோம்னு 18 மிமீ எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செஞ்ச பலகை) எடுத்து இறங்கிட்டேன்.

அகலம் 50, உயரம் 34, ஆழம் 24 செமீ. பெருக்கினா 40.8 லிட்டர். ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு. கறுப்பு கார்ப்பெட் எல்லாம் ஒட்டி, பார்க்க ஜோராத்தான் இருக்கு. சத்தம்தான் சரியில்லை. பேஸ் கிட்டார்ல எந்த நோட்டு வாசிச்சாலும் பின்னாடி இருந்து ஒரே "பூம்". டிரம் அடிச்சாலும் அதே பூம். வால்யூம் ஏத்தினா நடுநடுவே "புஸ் புஸ்"னு வேற ஒரு சத்தம், டயர்ல காத்து போற மாதிரி.

தாள்ல இருக்கிற மத்த அளவுகள்: எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 60 லிட்டர். எங்கே கோட்டை விட்டேன்?

#2 ஓரக்கண்ணன்
சனி, இரவு 10:58

50, 34, 24 எல்லாம் வெளி அளவா, உள் அளவா? பதில் சொல்றதுக்கு முன்னாடி உட்கார்ந்துக்கோங்க.

#3 டிக்கிவாசி
சனி, இரவு 11:03

வெளி அளவு.

அய்யோ.

#4 மரத்தூள்
ஞாயிறு, காலை 7:20

பதறாதீங்க தம்பி, இந்தப் பள்ளத்துல விழாதவங்க இங்கே ரொம்பக் கம்மி. பலகை 18 மிமீ. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு பலகை நிக்குது, அப்போ மூணு அளவுலயும் 3.6 செமீ கழியணும். 46.4 × 30.4 × 20.4. பெருக்கிப் பாருங்க, 28.8 லிட்டர்தான் வருது. உங்க 40.8ல 12 லிட்டரை மரமே தின்னுடுச்சு. அதோட முடியலை. சப்போட காந்தமும் கூடையும் (அதைத் தாங்குற சட்டம்) உள்ளே ரெண்டரை லிட்டர் இடம் பிடிக்கும். மிஞ்சினது 26.3.

தாள்ல போடுற லிட்டர் எப்பவும் உள்ளே மிஞ்சுற காத்தோட அளவுதான். மரத்தையும் காந்தத்தையும் குறுக்குக்கட்டையையும் கழிச்ச பிறகு நிக்கிறது.

பெட்டியைப் பிரிச்சு நீட்டலாம்னு மட்டும் நினைக்காதீங்க. ஒட்டின எம்டிஎஃப் மூட்டைத் தட்டினா பசை விடாது, பலகைதான் பிய்யும்.

#5 தாழ்சுருதி
ஞாயிறு, காலை 9:46

மரத்தூள் சொன்ன கணக்கு சரி. ஆனால் நோய் அதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம். பெட்டி சின்னது என்று தெரிந்ததுமே எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிடுகிறோம். போட்டுப் பார்ப்போம்.

எஃப்எஸ் என்பது பெட்டியில்லாமல் சப் தானே அதிரும் அதிர்வெண். க்யூடிஎஸ் அந்த அதிர்வு எவ்வளவு அடங்காமல் நிற்கும் என்பதைச் சொல்லும் எண். விஏஎஸ் சப்பின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு. மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. விஏஎஸ்ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வருவதை க்யூடிஎஸ்ஸோடு பெருக்கினால் பெட்டிக்குள் போன பிறகு சப்பின் க்யூ கிடைக்கும். எஃப்எஸ்ஸோடு பெருக்கினால் பெட்டியின் அதிர்வெண் கிடைக்கும்.

26.3 லிட்டரில்: 60 ஐ 26.3 ஆல் வகுத்தால் 2.28. ஒன்று கூட்டினால் 3.28. வர்க்கமூலம் 1.81. ஆக க்யூ 0.81, அதிர்வெண் 51 ஹெர்ட்ஸ்.

41 லிட்டரில்: க்யூ 0.71, அதிர்வெண் 44 ஹெர்ட்ஸ்.

க்யூ 0.71 என்றால் மேடே இல்லாமல் சமதளமாக இறங்கும். 0.81 என்றால் ஒரு மேடு எழும்பும். எவ்வளவு? கால் டெசிபல் சொச்சம். கால் டெசிபலைக் காதால் பிடிக்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அடியில் கொஞ்சம் ஆழம் குறையும், அது உண்மை. ஆனால் "எல்லா நோட்டும் ஒரே பூம்" என்பது இந்தக் கால் டெசிபலால் வராது. அந்த "புஸ்"ஸும் இதனால் வராது.

தம்பி, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆம்பில் லோ பாஸ் (அதற்கு மேலான சுருதிகளை வெட்டும் குமிழ்) எத்தனை ஹெர்ட்ஸில் நிற்கிறது? பேஸ் பூஸ்ட் என்று ஒரு குமிழ் இருக்குமே, அது எங்கே நிற்கிறது? பெட்டியில் காற்று கசிகிறதா?

கசிவுக்குச் சப்பின் கோனை (முன்னும் பின்னும் ஆடும் கூம்பை) அழுத்திவிட்டு எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். 30 ஹெர்ட்ஸ் சைன் தொனி ஒன்றைச் சின்னச் சத்தத்தில் ஓடவிட்டு, புறங்கையை ஈரமாக்கி மூட்டு மூட்டாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் ஈரத்தின் மேல் சில்லென்று காற்று வந்து போகும். டெர்மினல் (ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடம்) பக்கத்தையும் சப்பின் விளிம்பையும் விட்டுவிடாதீர்கள்.

#6 புதுக்காது
ஞாயிறு, காலை 10:15

ஐயா, இந்த எஃப்எஸ், க்யூடிஎஸ் எல்லாம் யார் கண்டுபிடிச்சாங்க? எல்லாக் கம்பெனித் தாள்லயும் ஒரே பேர்ல இருக்கே.

#7 தாழ்சுருதி
ஞாயிறு, காலை 10:40

ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961ல் துவாரப் பெட்டிகளை (காற்று வந்து போகக் குழாய் வைத்த பெட்டிகளை) பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பத்து வருஷம் உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1971ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழ் அதை மறுபதிப்புச் செய்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதே இதழில் வரிசையாக எழுதி, மூடிய பெட்டிக்கும் துவாரப் பெட்டிக்கும் முழு இலக்கணம் போட்டுக் கொடுத்தார். அதனால்தான் தீல்-ஸ்மால் அளவுகள் என்று பெயர். அதற்கு முன்பு பெட்டி செய்வதென்றால் செய்து பார்த்து, அறுத்து, மறுபடி செய்து பார்ப்பதுதான். இன்று வின்ஐஎஸ்டி மாதிரி இலவச மென்பொருளில் நாலு எண் தட்டினால் கோடு வரைந்து காட்டிவிடுகிறது.

அது இருக்கட்டும். டிக்கிவாசி எங்கே?

#8 டிக்கிவாசி
ஞாயிறு, மாலை 6:31

ஐயா, கையை நனைச்சுக்கிட்டு டிக்கிக்குள்ள முழங்கால் போட்டு அரை மணி நேரம் தடவினேன். மரமூட்டு எல்லாம் சுத்தம். டெர்மினல் கப் சுத்தி மட்டும் ஊதுது, நல்லாவே ஊதுது. அந்த பிளாஸ்டிக் கப்பைச் சும்மா நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்கி வெச்சிருந்தேன், அடியில ஒண்ணும் கொடுக்கலை.

ரெண்டாவது ஊத்து சப்போட விளிம்புக்குக் கீழே. கழட்டிப் பார்த்தா, பெட்டிக்குக் கார்ப்பெட் ஒட்டும்போது ஓட்டை ஓரம் வரைக்கும் ஒட்டி, அதுக்கு மேலேயே சப்பை உட்கார வெச்சிருக்கேன். கார்ப்பெட் நார் வழியா காத்து போய் வந்துக்கிட்டு இருக்கு.

அப்புறம் அந்தக் குமிழ். வெட்கமா இருக்கு. லோ பாஸ் 150ல நிக்குது. பேஸ் பூஸ்ட் கடைசி வரைக்கும் திருப்பி 12 டெசிபல்ல நிக்குது. "45 ஹெர்ட்ஸ்"னு பக்கத்துல எழுதியிருக்கு. பூஸ்ட்னா நல்லதுதானேன்னு நினைச்சேன்.

#9 ஓரக்கண்ணன்
ஞாயிறு, மாலை 6:35

பூம் பிடிபட்டாச்சு.

#10 அரை_ஓம்
ஞாயிறு, இரவு 8:12

என் பக்கத்து வேலை வந்துடுச்சு, அதனால நீளமாவே சொல்றேன்.

12 டெசிபல்னா சக்தியில கிட்டத்தட்ட 16 மடங்கு. பாட்டுல மத்த இடத்துல 30 வாட் போகும்போது 45 ஹெர்ட்ஸ்ல மட்டும் 480 வாட் கேட்கிறீங்க. அதுக்கு மேல சத்தம் ஏத்தினா ஆம்ப் மூச்சு முட்டி அலையோட தலையை வெட்டிடும். அதே 45 பக்கத்துலதான் உங்க பெட்டியும் 51ல நிக்குது, வண்டியோட உள்ளறையும் அடிச்சுருதியைத் தானே தூக்கிக் கொடுக்கும். மூணும் ஒரே இடத்துல குவிஞ்சா எந்தப் பாட்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

பூஸ்ட் பூஜ்யம். லோ பாஸ் 80. இப்போ கெய்ன்.

கெய்ன் குமிழ் வால்யூம் இல்லை. அது ஸ்டீரியோ அனுப்புற வோல்ட்டேஜுக்கும் ஆம்புக்கும் முடிச்சுப் போடுற இடம். சப்போட ரெண்டு காயிலையும் பேரலலா கட்டினா 2 ஓம். 400 வாட் வேணும்னா 400ஐ 2ஆல் பெருக்கி வர்க்கமூலம், 28.3 வோல்ட். சப்பைக் கழட்டிடுங்க. ஸ்டீரியோவில் ஈக்வலைசர் எல்லாத்தையும் நடுவுக்குக் கொண்டு வாங்க, வால்யூமை முக்கால்ல வையுங்க. முழு அளவுல பதிவான 50 ஹெர்ட்ஸ் சைன் தொனியை ஓட விடுங்க. ஆம்ப் வெளியீட்டுல மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சு, 28 காட்டுற வரைக்கும் கெய்னை மெதுவா ஏத்துங்க. அங்கே நிறுத்திட்டு மறந்துடுங்க. 50 ஹெர்ட்ஸ் எதுக்குன்னா, சாதா மீட்டர் எல்லாம் கரண்ட் வீட்டுக்கு வர்ற அதிர்வெண் பக்கத்துலதான் ஒழுங்கா படிக்கும்.

காயில்களை சீரீஸ்ல கட்டியிருந்தா 8 ஓம், கணக்கே மாறிடும். எப்படிக் கட்டியிருக்கீங்க?

#11 டிக்கிவாசி
ஞாயிறு, இரவு 9:50

பேரலல்தான். மீட்டர் வெச்சு பார்த்தேன், கெய்ன் 44 வோல்ட்ல நின்னுக்கிட்டு இருந்தது. அதுவும் ஆம்பால சுத்தமா கொடுக்க முடியாத வோல்ட் இல்லையா? 28க்கு இறக்கிட்டேன்.

டெர்மினல் கப்பைக் கழட்டித் தூர வெச்சேன். அந்த ஓட்டைக்கு ஒரு பலகைத் துண்டு வெச்சு ஒட்டி, ரெண்டு பித்தளை போல்ட்டைத் துளைச்சுப் போட்டு ரெண்டு பக்கமும் நட்டு. சப் விளிம்பு உட்கார்ற இடத்துல கார்ப்பெட்டைக் கத்தியால வட்டமா வெட்டி எடுத்துட்டு ஃபோம் டேப் ஒட்டினேன்.

இப்போ ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்.

கிட்டார் நடந்து போறது கேட்குது! ஏறுது, இறங்குது. "புஸ்" போயே போச்சு. சத்தம் முன்னைவிடக் கம்மி, ஆனா ஒரு மணி நேரம் கேட்கலாம்.

தாழ்சுருதி ஐயா, அப்போ பெட்டி சின்னதா இருந்தது விஷயமே இல்லையா?

#12 தாழ்சுருதி
திங்கள், காலை 6:55

விஷயம்தான், ஆனால் மூன்றாவது இடத்தில். மிகத் தாழ்ந்த நோட்டுகளில் வித்தியாசம் தெரியும். இந்தப் பெட்டியோடே கொஞ்ச நாள் இருங்கள். பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பிப் பார்க்கலாம். பஞ்சின் இழைகள் காற்று அமுங்கும்போது வரும் சூட்டை வாங்கிக்கொள்ளும், அதனால் சப்புக்குப் பெட்டி பத்து, பதினைந்து சதவீதம் பெரிதாகத் தெரியும். 26 லிட்டர் 30 போல நடக்கும். திணித்து அடைத்தால் பலன் போய்விடும்.

#13 வென்ட்வாயன்
திங்கள், காலை 11:08

எல்லாரும் மூடிய பெட்டி, மூடிய பெட்டின்னு... டிக்கியில 12 இஞ்ச் சப் வெச்சிட்டு துவாரம் போடலைன்னா அது பாவம் இல்லையா? 55 லிட்டர், 33 ஹெர்ட்ஸுக்கு டியூன் பண்ணி ஒரு தடவை கேளுங்க தம்பி. அதே ஆம்ப், அதே சப், டியூன் பண்ண இடத்தைச் சுத்தி ரெண்டு மடங்கு ஆம்ப் போட்ட மாதிரி இருக்கும். காலிப் பாட்டில் வாயில ஊதினா ஒரு சுருதி வருதே, அதே வித்தைதான். சப்போட பின்பக்கக் காத்தை வீணாக்காம வேலை வாங்குறோம்.

#14 தாழ்சுருதி
திங்கள், பிற்பகல் 1:30

> டிக்கியில 12 இஞ்ச் சப் வெச்சிட்டு துவாரம் போடலைன்னா அது பாவம் இல்லையா?

வென்ட்வாயன், உங்கள் மேல் கோபமில்லை, பெயரே அப்படி. ஆனால் இந்தச் சப் எதற்குத் தோது என்று அதன் எண்களையே கேட்போமே. க்யூடிஎஸ் என்பது க்யூஇஎஸ் (மின்பக்க அடக்கம்), க்யூஎம்எஸ் (இயந்திரப் பக்க அடக்கம்) இரண்டும் சேர்ந்தது. எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால் வகுத்தால் வருவது 50க்குக் கீழே இருந்தால் மூடிய பெட்டி, 100க்கு மேலே என்றால் துவாரம், இடையில் என்றால் இரண்டும் ஓடும். இது சட்டம் இல்லை, கைக்கணக்கு. டிக்கிவாசி, க்யூஎம்எஸ் என்ன போட்டிருக்கிறது?

#15 டிக்கிவாசி
திங்கள், பிற்பகல் 1:44

5.0

#16 தாழ்சுருதி
திங்கள், பிற்பகல் 2:20

அப்படியானால் க்யூஇஎஸ் 0.49 பக்கம். 28 ஐ அதால் வகுத்தால் 57. இரண்டு பக்கமும் சாயலாம், சாய்வு மூடிய பெட்டிப் பக்கம்.

இனித் துவாரத்தின் நீளம். 55 லிட்டர், 33 ஹெர்ட்ஸ். 10 செமீ குழாய் ஒன்று போட்டால் நீளம் 32 செமீ. அடக்கமாக இருக்கிறது. ஆனால் 400 வாட்டில் அந்தச் சின்ன வாயில் காற்று இரைந்து ஊதும், மறுபடியும் "புஸ்". இரைச்சல் இல்லாமல் இருக்க 15 செமீ குழாய் என்று போனால் நீளம் 77 செமீ. அகலமான வாய் அதே சுருதி பாட நீளமான தொண்டை வேண்டும். 77 செமீ குழாயை ஹேட்ச்பேக் டிக்கியில் எங்கே படுக்க வைப்பது? பலகையிலேயே 150 சதுர செமீ வாயுள்ள பிளவுத் துவாரம் என்றாலும் 65 செமீ, மடித்துத்தான் வைக்க வேண்டும். அதன் உள்வெளியே பத்து லிட்டர் பிடிக்கும், பலகை தனி. 55 லிட்டருக்கு 70 லிட்டர் பெட்டி செய்ய வேண்டி வரும்.

இன்னொன்று. காருக்குள் இடம் சின்னது. உள்ளறையின் நீளம் இரண்டரை மீட்டர் என்றால் சுமார் 69 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையே அழுத்தக்கலம் போல நடந்துகொள்ளும். அங்கிருந்து கீழே போகப் போக ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவைக்கும்) 12 டெசிபல் வரை ஏற்றிக் கொடுக்கப் பார்க்கும். கதவும் கண்ணாடியும் நெளிவதால் அவ்வளவும் கைக்கு வராது. மூடிய பெட்டி தன் அதிர்வெண்ணுக்குக் கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபல் இறங்கும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, கணக்கு நேராகும். வீட்டில் சப்பென்று இருக்கும் மூடிய பெட்டி காரில் எடுபடுவது இதனால்தான். துவாரப் பெட்டி டியூனுக்குக் கீழே 24 டெசிபலாக விழும். அதோடு அங்கே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லை. சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவது) இல்லாவிட்டால் காயில் முட்டிக்கொள்ளும்.

#17 வென்ட்வாயன்
திங்கள், மாலை 4:02

ஐயா கணக்கு சரிதான், ஒத்துக்கறேன். நானே 10 செமீ குழாய் போட்டு ஊதல் சத்தத்தோட ஒரு வருஷம் ஓட்டினவன். துவாரத்தோட ரெண்டு வாயையும் உருட்டி விட்டா கொஞ்சம் அடங்குச்சு, முழுசா இல்லை. பின்சீட்டுல ஆள் ஏறாத வண்டின்னா என் கட்சி. டிக்கியில சாமானும் ஏறணும்னா ஐயா கட்சி.

#18 டிக்கிவாசி
செவ்வாய், இரவு 9:15

சாமான் ஏறணும். வீட்டு ஓட்டு அதுக்குத்தான்.

முடிவு பண்ணிட்டேன், ரெண்டாவது பெட்டி. 41 லிட்டர், மூடியது. ஆனா இந்த தடவை சதுரமா இல்லாம, சீட்டு முதுகோட சாய்வுக்கு ஒட்டின மாதிரி. போன பெட்டிக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு முக்கோணம் சும்மாவே கிடக்குது. மரத்தூள் அண்ணா, அறுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.

#19 மரத்தூள்
செவ்வாய், இரவு 11:30

நல்ல யோசனை. முதல்ல சாய்வை அளக்கணும். அட்டைப்பெட்டி அட்டை ஒண்ணை எடுத்து சீட்டு முதுகுல பக்கவாட்டா வெச்சு, ஒட்டுற வரைக்கும் சீவிக்கிட்டே வாங்க. அந்த அட்டைதான் உங்க பெட்டியோட பக்கப்பலகை. போன்ல மட்டம் பார்க்கிற வசதி இருந்தா அதையும் வெச்சு டிகிரியைக் குறிச்சுக்கோங்க. 20 டிகிரி பக்கம் வரும்னு வெச்சு நான் ஒரு கணக்கு போடுறேன்.

வேண்டியது 41. சப்புக்கு 2.5, குறுக்குக்கட்டைக்கு 1.5. மொத்தம் உள்ளே 45 லிட்டர். வெளி அகலம் 64, உயரம் 36ன்னா, உள் அகலம் 60.4, உள் உயரம் 32.4. 45,000ஐ இது ரெண்டாலயும் வகுத்தா சராசரி ஆழம் 23 செமீ. மேலே 17, கீழே 29 வெச்சா சராசரி அதே 23, சாய்வும் 20 டிகிரிக்கு வந்துடும். சரிஞ்ச பெட்டிக்கு சராசரி ஆழம்தான் கணக்கு, அதைத் தாண்டி மண்டையை உடைச்சுக்க வேண்டாம். சப்போட பின்னாழம் 23ல அடங்குதான்னு மட்டும் பாருங்க, காந்தத்துக்குப் பின்னாடி ரெண்டு மூணு செமீயாவது மூச்சு விட இடம் வேணும்.

அறுக்கும்போது மாஸ்க் போடாம இருக்காதீங்க. எம்டிஎஃப் தூள் மாவு மாதிரி, மூக்குல போனா வெளியே வராது. அதுல பிசினும் கலந்திருக்கு. திறந்த இடத்துல வெச்சு அறுங்க.

சப் ஓட்டைக்குத் தாள்ல இருக்கிற வெட்டு அளவைத்தான் பார்க்கணும், "12 இஞ்ச்"ங்கிற பேரைப் பார்த்து வட்டம் போட்டா விளிம்போட சேர்ந்து சப் உள்ளே விழுந்துடும். ரூட்டருக்கு ஒரு பட்டையில ஆணி அடிச்சு வட்டம் போடுங்க. கடைசி ரெண்டு மிமீயை விட்டுட்டு ஜிக்சாவால முடிச்சா நடுத்தட்டு படக்குன்னு விழுந்து ஓரத்தைப் பிய்க்காது. முன்பலகை ரெண்டு அடுக்கு, ரெண்டாவதை வெளிப்பக்கமா ஒட்டணும். உள்பக்கம் ஒட்டினா மறுபடி லிட்டர் போச்சு.

பசை: வெள்ளை மரப்பசை போதும். ஆனா எம்டிஎஃப் அறுபட்ட ஓரம் பசையைக் குடிக்கும். முதல்ல மெல்லிசா ஒரு பூச்சு, பத்து நிமிஷம் விட்டு ரெண்டாவது பூச்சு, அப்புறம் சேர்க்கணும். கிளாம்ப் இறுக்கும்போது மூட்டு நெடுக மணிமணியா பசை பிதுங்கி வரணும். வராத இடத்துல பசை பத்தலைன்னு அர்த்தம். மூலைமட்டம் வெச்சுப் பார்த்துட்டு ஒரு ராத்திரி தொடாம விடுங்க. ஸ்க்ரூ போடுறதுன்னா முன்னாடியே சின்ன பிட்டால துளை, மூலையில இருந்து அஞ்சு செமீ தள்ளி. ஓரத்துல நேரா இறக்கினா பலகை புத்தகம் மாதிரி விரிஞ்சு பிளக்கும்.

காய்ஞ்சதும் உள்ளே விரல்ல பசை எடுத்து எல்லா மூலையும் ஒரு இழுப்பு. சிலிக்கான் வேணும்னா போடுங்க, ஆனா புளிச்ச வாடை அடிக்கிற ரகம்னா ஒரு நாள் முழுக்க ஆறவிட்டுத்தான் சப்பை மாட்டணும், அந்த ஆவி சப்போட பசைக்கும் உலோகத்துக்கும் ஆகாது. சப்பை மரஸ்க்ரூவுல மாட்டாதீங்க, நாலு தடவை கழட்டி மாட்டினா எம்டிஎஃப்ல துளை தொளதொளன்னு ஆகிடும். டீநட்டை (மரத்துல பிடிச்சுக்கிற பல்லுள்ள நட்டு) உள்பக்கமா அடிச்சு இறக்கி போல்ட்ல மாட்டுங்க.

குறுக்குக்கட்டையை நட்ட நடுவுல வைக்காம கொஞ்சம் தள்ளி வைங்க. ரெண்டு பாதியும் ஒரே அளவா இருந்தா ரெண்டும் ஒரே சுருதியில ஆடும்.

#20 புதுக்காது
புதன், காலை 8:05

ஃபைபர் கிளாஸ்ல டிக்கி மூலைக்குள்ள செஞ்சா இதைவிட இடம் மிஞ்சாதா அண்ணா?

#21 மரத்தூள்
புதன், காலை 8:50

மிஞ்சும். பொறுமை மிஞ்சாது. ரெசின், ஹார்டனர், பாய், ஒரு அடுக்கு காய அடுத்த அடுக்கு, அந்த வாடை. சுவர் 6 மிமீயாவது வரணும், இல்லைன்னா பெட்டியே பாட ஆரம்பிச்சிடும். லிட்டரை டேப்பால அளக்கவும் முடியாது, தெர்மோகோல் மணியை உள்ளே கொட்டி, திரும்ப வாளியில கொட்டி அளக்கணும். முதல் பெட்டிக்கு வேண்டாம்.

#22 அரை_ஓம்
புதன், இரவு 7:40

பெட்டி விஷயத்துல நான் வாயே திறக்கலை, ஆனா ரெண்டு விஷயம் எழுதாம தூக்கம் வராது.

ஒண்ணு, ஒயர். 500 வாட் ஆம்ப், 80 சதவீதத் திறன்னா உள்ளே 625 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்ல 45 ஆம்பியர். அதுக்கு 21 சதுர மிமீ, நாலு கேஜ்னு சொல்றது. சுத்த செம்பா இருக்கணும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசினதும் அதே தடிமன்ல கிடைக்கும், ஆனா அதே கரண்டை அது தாங்காது. பியூஸ் பேட்டரியில இருந்து 45 செமீக்குள்ள இருக்கணும். பியூஸ் ஒயரைக் காப்பாத்தத்தான், ஆம்பைக் காப்பாத்த இல்லை. டிக்கியில பியூஸ் வெச்சா நடுவுல ஒயர் உரசி பாடியில பட்டதும் வண்டியே எரியும். கிரவுண்டுக்கு பெயிண்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, பளபளன்னு இரும்பு தெரியணும்.

ரெண்டு, கட்டிப்போடுறது. அந்தப் பெட்டி சப்போட சேர்ந்து 24 கிலோ வரும். மோதல்ல வேகம் குறையறது 20 ஜின்னு வெச்சா 480 கிலோ எடையா மாறிச் சீட்டு முதுகுல முட்டும். பின்சீட்டுல யாரு உட்கார்வாங்கன்னு நினைச்சுப் பார்த்துக்கோங்க. வண்டியில ஏற்கெனவே இருக்கிற கொக்கியிலயோ சீட்டு போல்ட்டுலயோ பட்டை போட்டு இறுக்குங்க. தரையில புதுசா துளை போடாதீங்க, கீழே பெட்ரோல் டேங்கும் பிரேக் பைப்பும் போகும். ஸ்டெப்னி எடுக்கணும்னா பெட்டியை ரெண்டு நிமிஷத்துல கழட்டி எடுக்க முடியணும்.

#23 டிக்கிவாசி
அடுத்த ஞாயிறு, இரவு 8:26

முடிஞ்சது.

சாய்வு 21 டிகிரி வந்தது. அட்டையை எட்டு தடவை சீவினேன். சாய்ஞ்ச பலகையோட மேல் ஓரத்தை முதல்ல தப்புப் பக்கமா சாய்ச்சு அறுத்துட்டேன், ஒரு பலகை வீண். வீணான பலகைதான் குறுக்குக்கட்டை ஆச்சு. பசை மணிமணியா பிதுங்கினதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன்னு நினைக்கலை.

மாட்டுறதுக்கு முன்னாடி உள்ளே டேப் போட்டு மறுபடி அளந்தேன். எல்லாம் கழிச்சு 41.4 லிட்டர். கையை நனைச்சு முழுப் பெட்டியும் தடவியாச்சு, எங்கேயும் ஊதலை. டிரைவர் சீட்டுல உட்கார்ந்து சப்போட பிளஸ் மைனஸை மாத்திப் போட்டும் கேட்டேன். மாத்திப் போட்டதுலதான் 80 ஹெர்ட்ஸ் பக்கம் நிரம்பி வருது, முன் ஸ்பீக்கரும் சப்பும் ஒண்ணை ஒண்ணு அடிக்காம. அப்படியே விட்டுட்டேன்.

பழைய பெட்டிக்கும் இதுக்கும் வித்தியாசம் ஐயா சொன்ன மாதிரி பெரிய பாட்டுல தெரியலை. ஆர்கன்ல ரொம்பக் கீழே போற ஒரு நோட்டு இருக்கு, அதுல தெரிஞ்சது. முன்னே அது காதுக்கு வராமலே போயிடும். இப்போ சீட்டு முதுகு வழியா வருது.

ஒரு புதுத் தொல்லை: 20ல இருந்து 80 வரைக்கும் தொனியை மெதுவா ஏத்திப் பார்த்தேன். 37ல பின்னாடி ஏதோ கிர்ர்ருங்குது.

#24 மரத்தூள்
அடுத்த ஞாயிறு, இரவு 8:41

நம்பர் பிளேட். பின்னாடி ஃபோம் டேப் ஒட்டுங்க. அதுக்கும் நிக்கலைன்னா டிக்கிக் கதவோட உள் பிளாஸ்டிக்கைக் கழட்டி, தகரத்துல பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்குற ரப்பர் மாதிரி ஒட்டுத்தாள்) ஒட்டணும்.

#25 டிக்கிவாசி
அடுத்த ஞாயிறு, இரவு 9:10

பிளேட்டேதான்! விரலை வெச்சு அழுத்தினா நிக்குது.

பழைய சின்னப் பெட்டி சும்மா கிடக்குது. தம்பி அவன் வண்டிக்குக் கேட்கிறான், முன்பலகையை மாத்தி 10 இஞ்ச் போடலாமான்னு.

#26 தாழ்சுருதி
அடுத்த ஞாயிறு, இரவு 9:22

போடலாம். சப் வாங்குவதற்கு முன் அதன் தாளைப் பார்க்கச் சொல்லுங்கள், விஏஎஸ்ஸும் க்யூடிஎஸ்ஸும். பெட்டி எத்தனை லிட்டர் என்று அவருக்குச் சொல்லிவிட்டீர்களா?

#27 டிக்கிவாசி
அடுத்த ஞாயிறு, இரவு 9:25

சொல்லிட்டேன் ஐயா. 28.8. உள் அளவு.